ஸனது இல்லாத தளபதிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுமுறை வேலையை முடித்துவிட்டு, உறங்கப் போகாமல் நேரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்த இளைஞர் ஒருவரே இக்கட்டுரை எழுதக் காரணமானவர். சிறு பிராயத்தில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். இன்று இயந்திரங்களின் நடுவே நின்று பிழைப்பவர். கண்ணில் தூக்கமும் கையில் மடிக்கணினியும் இருந்தன. “ஹஸ்ரத், எங்க குடும்பத்து ஷஜராவை முழுசா ஏத்திட்டேன். ஏழு மாச வேலை. நீங்க பார்த்து துஆச் செய்யணும்” என்றார்.

பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பெயர்கள். கட்டங்களை இணைக்கும் கோடுகள். ஒவ்வொரு பெயருக்கும் பிறப்பு, நிக்காஹ், வஃபாத்து, தொழில், வசித்த ஊர் எனத் தனித்தனி இடங்கள். ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு ஓர் இளைஞர் தம் முன்னோரைத் தேடியிருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மரத்தின் உச்சியில், அவருடைய பாட்டனாரின் பாட்டனார் பெயருக்குக் கீழே, “இராணுவச் சேவை” என்னும் இடத்தில் இவ்வாறு கண்டிருந்தது: திப்பு சுல்தானின் படைத்தளபதி, புள்ளலூர்ப் போர், 1780.

“இதை யார் சொன்னார், தம்பி?”

“எல்லாரும் சொல்றதுதானே, ஹஸ்ரத்.”

“உன் பாட்டனார் பிறந்த ஆண்டு?”

“1938.”

கணக்குப் போட்டுக் காட்டினேன். 1780இல் தளபதியாக நின்றவர் குறைந்தது 1760இலாவது பிறந்திருக்க வேண்டும். 1760இலிருந்து 1938 வரை 178 ஆண்டுகள். இடையில் இரண்டே தலைமுறை. அப்படியானால் அந்தத் தளபதியும் அவர் மகனும் தத்தம் எண்பத்தொன்பதாம் வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும்! இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அழிக்கவில்லை. “இருக்கட்டுமே, ஹஸ்ரத். யாருக்கு என்ன நட்டம்? நாலு பேர் பார்த்தா நமக்கும் ஒரு கௌரவம்” என்றார்.

இந்த “யாருக்கு என்ன நட்டம்” என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. இவர் ஒருவரோடு நின்றிருந்தால் திண்ணையிலேயே பேசி முடித்திருப்பேன். பொன்னேரிப் பக்கத்தில் ஒரு நிக்காஹ்வுக்குச் சென்றபோது விருந்தினர்க்கெல்லாம் குடும்ப மலர் என்று ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தனர். அதிலும் ஒரு தளபதி. திருவள்ளூரில் ஒரு வீட்டின் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய ஷஜராவிலும் ஒரு தளபதி. இத்தனை தளபதிகள் இருந்த படையில் சிப்பாய் என்று ஒருவருமே இருந்திலரோ என்று கேட்கத் தோன்றுகிறது. முன்பெல்லாம் இத்தகைய பெருமைப் பேச்சு வெற்றிலைத் தட்டோடு முடிந்துபோகும். இன்று கணினியில் ஏறுகிறது. ஏறியதை மாமன் மகன் தன் மரத்தில் ஒட்டிக்கொள்கிறான். சம்பந்தி வீட்டார் நகலெடுக்கிறார்கள். பத்து மரங்களில் காணப்படுவதால் அது பத்துச் சான்றாகத் தோன்றுகிறது. ஊற்று ஒன்றே, அதுவும் வெறும் வாய்ச்சொல்.

இளைஞரின் மனத்தில் இருந்தது வீண் பெருமை மட்டும் என்று நான் எண்ணவில்லை. ஆலையின் உணவுக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருவன், “உங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்டானாம். அந்த முள் இவருக்குள் தைத்திருக்கிறது. அதைப் பிடுங்கவே தளபதியைத் தேடியிருக்கிறார். அந்த வலியை நான் அறிவேன். அதே வலிக்கு இதைவிடக் கெட்ட மருந்தை நானே பல்லாண்டு உண்டவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் புள்ளலூரைப் பார்ப்போம். அந்தப் போருக்கும் நம் திருவள்ளூர் மண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையே. 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், குண்டூரிலிருந்து தெற்கு நோக்கி வந்த கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் பல நாள் மறித்து நிறுத்தியது. வெள்ளம் வடிந்து ஆற்றைக் கடந்த அப்படையை, செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகில் திப்பு தாக்கினார். 10ஆம் நாள் புள்ளலூரில் தந்தை ஹைதர் அலியும் மகனும் சேர்ந்து அதை முற்றாக முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியை ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கின்றனர்.

ஆனால் 1780இல் திப்பு “சுல்தான்” அல்லர். தந்தையின் கீழ்ப் படை நடத்திய இளவரசர். ஹைதர் அலி இறந்தது 1782 டிசம்பரில். ஆகவே அந்தக் கட்டத்தில் ஏற்றிய நான்கு சொல்லில் ஒன்று அப்போதே விழுந்துவிடுகிறது. இன்னொன்று: பெய்லியின் படையில் வெள்ளையர் சிலரே, பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். கம்பெனியின் சென்னைப் படையில் முஸ்லிம்களும் ஏராளமாகச் சேர்ந்திருந்தனர். அன்று புள்ளலூரில் இரு பக்கத்திலும் பாங்கொலி கேட்டுத் தொழுதவர்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. நம் பாட்டனார்களில் எவரேனும் அக்களத்தில் நின்றிருந்தால், எந்தப் பக்கம் நின்றார் என்பதை நம் விருப்பம் தீர்மானிக்க இயலாது.

இனி, மதரஸா வாசலை மிதித்த எவரும் மறக்கக்கூடாத ஒரு செய்தி. ஹதீஸ் கலையில் ஒரு சொல் எவ்வளவு அழகியதாயினும், “இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?” என்று கேட்பதே முதல் வேலை. அந்தத் தொடரே ஸனது. தொடரில் வரும் ஒவ்வொருவரின் பிறப்பு, இறப்பு, பயணம், நினைவாற்றல், நேர்மை ஆகியவற்றை ஆராய்வதற்கென்றே தனிக்கலை ஒன்றை நம் முன்னோர் வளர்த்தனர். ஹிம்ஸ் நகரில் நடந்ததாக அக்கலை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைப் பேசுகின்றன. உமர் இப்னு மூஸா என்பவர் அங்கு வந்து, பெரியார் காலித் இப்னு மஅதான் அவர்களிடம் தாம் நேரில் கேட்டதாக ஹதீஸ் அறிவித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த உஃபைர் இப்னு மஅதான் குறுக்கிட்டு, எந்த ஆண்டு சந்தித்தீர் என்று கேட்டார். ஹிஜ்ரி 108 என்றார். எங்கே என்றதற்கு, ஆர்மீனியப் படையெடுப்பில் என்றார். உஃபைர் விடவில்லை: காலித் அவர்கள் இறந்தது 104இல், இறந்து நான்காண்டு கழித்தா அவரைச் சந்தித்தீர்? இன்னும் ஒன்று: அவர் ஆர்மீனியாவில் போரிட்டவரே அல்லர், ரோமரோடு போரிட்டவர்!

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பெரியாரின் படைச் சேவையை ஆண்டையும் களத்தையும் கொண்டு சோதித்துப் பொய்யைப் பிடித்த சமுதாயம் இது. அதன் பிள்ளைகளாகிய நாம் எண்பத்தொன்பது வயதுத் தகப்பன்மாரைக் கணினியில் ஏற்றிவிட்டு, யாருக்கு என்ன நட்டம் என்கிறோம்.

இந்த மென்பொருள்களை ஆக்கியவர்கள் நம்மவர் அல்லர். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் குடும்ப வரலாற்றை மாற்றும் கெட்காம் என்னும் முறையை 1984இல் வகுத்தவர்கள் அமெரிக்காவின் மார்மன் திருச்சபையினர். இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் போன்ற செயலிகளைப் பல நாட்டுத் தன்னார்வலர் ஆக்கியுள்ளனர். ஆயினும் அவற்றைத் திறந்து பார்த்தபோது எனக்கு மதரஸா நினைவே வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் “ஆதாரம்” என்று ஓர் இடம். அந்த ஆதாரத்தின் நம்பகத்தன்மை மிகக் குறைவா, குறைவா, இயல்பா, உயர்வா, மிக உயர்வா என்று தரம் குறிக்க ஓர் இடம். ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று நாம் ஓதியதற்கு இது எவ்வளவு நெருக்கம்! ஆண்டு உறுதியாகத் தெரியாவிடில் “ஏறத்தாழ” என்றோ, “இதற்கு முன்” என்றோ, “இதற்கும் இதற்கும் இடையில்” என்றோ குறிக்கவும் வழி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுத இத்தனை கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். நம் இளைஞர் அந்த ஆதாரக் கட்டத்தை ஒரு பெயருக்குக்கூட நிரப்பவில்லை. ஏன் என்றேன். “அது கட்டாயம் இல்லை, ஹஸ்ரத். நிரப்பாட்டியும் ஏத்துக்கும்” என்றார். இயந்திரம் ஏற்கும், உஃபைர் ஏற்பாரா?

இப்போது என் கதை. என் பாட்டனார் பழவேற்காட்டுக்காரர். முதல் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போனவர் என்று எங்கள் வீட்டில் எல்லார்க்கும் தெரியும். துருக்கிக் கலீஃபாவின் படைமீது சுடச் சொன்னபோது துப்பாக்கியைக் கீழே எறிந்துவிட்டு, “ஒரு முஸ்லிமை நான் சுடமாட்டேன்” என்று வெள்ளை அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னார் என்பது நான் கேட்டு வளர்ந்த கதை. கேட்டதோடு நின்றேனா? மீலாது மேடைகளில் முழங்கினேன். மாணவர்க்குச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்தேன். சுமார் இருபத்தைந்து ஆண்டுகள்.

உம்மாவின் மறைவுக்குப் பின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அதில் ஒரு பதக்கம் இருந்தது. வெண்கலம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் கொடுக்கப்பட்டது. இந்தியர், சீனர், மால்டாவினர் ஆகியோரின் தொழிலாளர் படைகளுக்கு மட்டும் வெண்கலத்தில். அதன் விளிம்பில் பெறுபவரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்படும். புளி போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஓர் எண், ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன என் பாட்டனாரின் பெயர், போர்ட்டர் கோர் என்னும் சுமைதூக்கிப் படைப்பிரிவின் பெயர். அவருடைய பதவி? அதுவும் இருந்தது. நம் தமிழ்ச் சொல்லையே அவர்கள் எழுத்தில் பொறித்திருந்தார்கள்: கூலி.

அவர் கையில் துப்பாக்கியே இருந்ததில்லை. எறிவதற்கு எதுவும் இருந்ததில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாட்டனார் பொய் சொல்லியிருப்பார் என்று நான் கருதவில்லை. அவர் பேசியதைக் கேட்டவர் எவரும் இன்றில்லை. அவர்க்குப் பின் வந்த எங்களுக்குத்தான் சுமை தூக்கியவர் போதவில்லை. நானும் என் பங்குக்கு அந்த வெள்ளை அதிகாரிக்கு மீசையும் குரலும் சேர்த்திருந்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு மெல்லத் தேடினேன். பழைய மார்க்க நூலொன்றின் கடைசி ஏட்டில், பாட்டனாரின் தகப்பனார் அரபுத் தமிழில் குடும்பச் செய்திகளைக் குறித்திருந்தார். பிறப்பு, மவ்த்து, கடன், படகு விற்றது, அவற்றோடு இரண்டு வரி: மகன் பஸராவுக்குப் பயணமானது ஷஅபான் 1335, வீடு திரும்பியது ரஜப் 1337. அதாவது 1917 மே கடைசி வாரமோ ஜூனோ புறப்பட்டு, 1919 ஏப்ரலில் திரும்பியிருக்கிறார். பதக்கமும் ஏடும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன. முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டவர் ஏறத்தாழ 14 லட்சம் பேர். அவருள் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போரிடாத பணியாளர். மூட்டை சுமந்தவர், பாதை போட்டவர், கோவேறு கழுதை ஓட்டியவர், சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர். இவர்கள் தோளில் ஏறாமல் ஒரு துப்பாக்கி ரவைகூடக் களத்துக்குப் போகவில்லை. இத்தனை பேருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களெல்லாம் எங்கே? எல்லாரும் சிப்பாயின் பேரர்களாகவும் தளபதியின் பேரர்களாகவும் மாறிவிட்டார்கள் போலும்.

எழுதாமல் விட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். போரில் மாண்டவர்களின் பெயரைச் சமமாகப் பொறிப்பதே தன் கொள்கை என்று கூறிவந்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் தன் முன்னோரின் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. பஸராவின் நினைவுச் சின்னத்தில் வெள்ளையர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக நின்றார்கள். அந்நியன் நம்மவரை எண்ணாக்கினான். நாமோ அவர்களைக் கதையாக்குகிறோம். இரண்டிலும் மனிதன் காணாமற்போகிறான்.

எதிர்த்திசையில் தவறு செய்வோரும் உள்ளனர். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் பெரியவர், இரண்டாம் உலகப்போர்த் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியரிடம் கைதியானார். பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் பிடிபட்டு விசாரிக்கப்பட்டு, படையிலிருந்து நீக்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார். இவருக்கு இரண்டு மகன்கள் வழியில் பேரப்பிள்ளைகள். ஒரு கிளையினரின் கணினியில் அவர் நேதாஜியின் வீரர் மட்டுமே. 1942க்கு முன் அவருக்கு வாழ்க்கையே இல்லை. “வெள்ளைக்காரன் சோற்றைத் தின்றவர் என்று எழுதச் சொல்கிறீர்களா?” என்று என்னிடம் சினந்தனர். மற்றக் கிளையினரோ அரசுப் பணியில் இருப்பவர்கள். படையிலிருந்து நீக்கப்பட்டவர் என்பது தலைகுனிவு என்று எண்ணி, முதல் பகுதியை மட்டும் ஏற்றியுள்ளனர். ஒரே மனிதரை நடுவே அறுத்து இரு வீட்டாரும் பாதி பாதி எடுத்துக்கொண்டார்கள்.

மென்பொருளில் ஒருவர்க்கு எத்தனை நிகழ்ச்சி வேண்டுமாயினும் ஏற்றலாம். படையில் சேர்ந்தது ஒன்று, சிறைப்பட்டது ஒன்று, தேசிய இராணுவத்தில் சேர்ந்தது ஒன்று, நீக்கப்பட்டது ஒன்று. நான்குக்கும் நான்கு ஆதாரம். எதை ஏன் செய்தார் என்பதை அவரும் அல்லாஹ்வும் அறிவர். தேசிய இராணுவத்தில் சேர மறுத்துக் கைதியாகவே இருந்து, நியூகினி முதலிய தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டு மடிந்தவர்களும் உண்டு. அவர்களை இழித்துரைக்கவும் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு உரிமையில்லை.

நாட்டுக்கு நம்மவர் செய்ததைக் காட்ட வேண்டும் என்போர்க்கு ஒன்று சொல்வேன். கற்பனைப் பெயர் தேட வேண்டிய வறுமை நமக்கு இல்லை. 1943இல் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் ஆலோசகராக இருந்தவர் தமிழ் முஸ்லிமாகிய கரீம் கனி. அவர் பெயர் அவ்வரசின் பட்டியலிலேயே இருக்கிறது. எவரும் மறுக்க இயலாது. மறுக்க இயலாத பத்துப் பெயர்களின் நடுவே மறுக்கக்கூடிய ஒரு தளபதியை நிறுத்திப் பாருங்கள். உணவுக்கூடத்து நண்பன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்தையும் பொய் என்பான். ஹதீஸ் கலையிலும் இதுவே விதி: ஒருவன் ஒரு பொய் சொன்னான் என்று நிறுவப்பட்டால் அவன் சொன்ன மெய்யும் போயிற்று. மேலும், பாட்டன் துப்பாக்கி பிடித்தால்தான் பேரன் குடிமகன் என்னும் வாதத்தை நாம் ஏன் ஏற்க வேண்டும்? பொய்த் தளபதியை நிறுத்துகிறவர் அந்த வாதத்தை ஒப்புக்கொண்டே நிறுத்துகிறார். இது எனக்குப் பொய்யைவிட அதிகமாக உறுத்துகிறது.

“குலப்பெருமை ஜாஹிலிய்யாக் காலத்து வழக்கமாயிற்றே; இந்த ஷஜராவே எதற்கு?” என்று கேட்கும் ஆலிம்களும் உண்டு. பெருமை பேசுவது விலக்கப்பட்டது, அறிந்துகொள்வது விலக்கப்படவில்லை. ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் அரபு வமிசாவளிகளை நன்கறிந்தவர் என்று புகழ்பெற்றவர். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் படைவீரர்க்கும் மற்றவர்க்கும் ஊதியப் பதிவேடு வகுத்தபோது, அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நௌஃபல், ஜுபைர் இப்னு முத்இம் என்னும் வமிச அறிஞர் மூவரை அமர்த்திக் குலவாரியாக எழுதச் செய்தார்கள். கலீஃபாவின் குலத்தை முன்னே எழுதிக்கொண்டு வந்தபோது அவர்களே அதை ஏற்காமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நெருக்கமானவரிலிருந்து தொடங்கி, தம்மை உரிய இடத்தில் பின்னே வைக்கச் சொன்னார்கள். தம் பெயரைப் பதிவேட்டில் கீழே இறக்கச் சொன்ன கலீஃபா எங்கே, பாட்டனைத் தளபதியாக ஏற்றும் நாம் எங்கே!

அந்தப் பதிவேட்டில் பெண்களுக்கும் ஊதியம் எழுதப்பட்டிருந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பத்ருப் போரில் கலந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதிய இப்னு ஸஅத் அவர்கள், தம் தபகாத் நூலின் இறுதிப் பகுதியைப் பெண்மணிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். நம் இளைஞரின் மரத்தில் பட்டாளத்துக்காரர் ஒவ்வொருவர்க்கும் அரைப்பக்கக் குறிப்பு. அவர்தம் மனைவியர் கட்டத்தில் “பீவி” என்னும் ஒரு சொல். என் பாட்டனார் பஸராவில் மூட்டை சுமந்த இரண்டாண்டும் என் பாட்டியார் பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடைந்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார். பெரிய பிள்ளையாக இருந்த என் மூத்த மாமி அதைக் கண்ணால் கண்டவர். அவர் சொல்லக் கேட்டவன் நான். ஸனது இரண்டே கண்ணி. அதைப் பாட்டியாரின் பெயருக்குக் கீழே தொழில் என்னும் கட்டத்தில், 1917 முதல் 1919 வரை என்று காலமிட்டு எழுதினேன். நம்பகத்தன்மை “உயர்வு” என்று குறித்தேன். மேடையில் முழங்கிய துப்பாக்கிக் கதைக்குக் கிடைக்காத தரம் அது.

செய்முறையில் சில இடர்ப்பாடுகள் உண்டு. கெட்காமின் 5.5.1 பதிப்பில் படைச் சேவைக்கென்று தனிக் குறியீடு இல்லை. பொது நிகழ்ச்சி என்று வைத்து, இன்ன வகை என்று சொல்லால் எழுத வேண்டும். கிராம்ப்ஸில் தனி நிகழ்ச்சியாகவே உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது சில செய்திகள் உருமாறும். அதே பதிப்பில் பன்னிரண்டு ஆண்டு மட்டும் வழங்கிய பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிக்கு இடம் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டாக வழங்கும் ஹிஜ்ரிக்கு இல்லை! கிராம்ப்ஸ் ஹிஜ்ரியை அறியும். எப்படியாயினும் ஏட்டில் உள்ள ஹிஜ்ரித் தேதியை அப்படியே குறிப்பில் எழுதிவிட்டு ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் வையுங்கள். பிறை வேற்றுமையால் ஓரிரு நாள் முன்பின் ஆகும். ஊர்ப் பெயரையும் அக்காலத்தில் இருந்தபடி எழுத வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997இல். 1917இல் பழவேற்காடு இருந்தது செங்கற்பட்டு மாவட்டத்தில். திருத்தணி 1960 வரை சித்தூரோடு இருந்தது. படைப் பதிவுகளைத் தேடுவோர் இதை அறியாமல் இல்லாத மாவட்டத்தில் தேடி ஏமாறுகின்றனர்.

பெயர் இன்னொரு தொல்லை. முஹம்மது என்பதைப் படை எழுத்தர்கள் நாலைந்து விதமாக எழுதினர். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர் என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை எவரும் கட்டணமின்றித் தேடலாம். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும். எல்லா எழுத்து வடிவிலும் தேடிப் பாருங்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த, பஞ்சாப் மாகாணத்து வீரர் ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவேடுகளை 2021 முதல் கணினியில் ஏற்றி வருகிறார்கள். அவற்றைக் காத்து வைத்தவர் உண்டு. ஆதலால் இன்று ஏற்ற முடிகிறது. நம் வீடுகளிலோ அரபுத் தமிழ் ஏடுகளைப் படிக்கத் தெரியவில்லை என்று ஆற்றில் விடுகிறார்கள். விடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படமாவது எடுக்கலாகாதா? படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம்.

இளைஞர் பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். தளபதியை அழித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக் குறிப்பில் வைத்து, இன்னார் இன்ன நாளில் வாய்மொழியாகச் சொன்னார், நம்பகத்தன்மை மிகக் குறைவு, ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று எழுதச் சொன்னேன். என்றேனும் ஒருநாள் விடுபட்ட தலைமுறைகள் கிடைத்து, உண்மையில் ஒரு சிப்பாய் வெளிப்படலாம். அவரும் ஒப்புக்கொண்டு அங்கேயே அமர்ந்து மாற்றினார்.

பிறகு, 1938இல் பிறந்த அவர் பாட்டனாரின் கட்டத்தைத் திறக்கச் சொன்னேன். பிறப்பும் வஃபாத்தும் தவிர ஒன்றுமில்லை. அவர் என்ன வேலை பார்த்தார் என்றேன்.

“ஆவடி டாங்கி ஃபாக்டரியில வெல்டர், ஹஸ்ரத். முப்பது வருஷத்துக்கு மேல. விஜயந்தா டாங்கியில அவங்க பற்றவைச்ச இடத்தை எல்லாம் சொல்வாங்களாம். ஆனா அது பட்டாளம் இல்லையே, அதான் எழுதலை.”

“அட்டை ஏதாவது இருக்கிறதா?”

“பீரோவில இருக்கு. போட்டோ ஒட்டின அட்டை, நம்பரோட.”

பட்டாளம் என்று எழுதாதே, தொழில் என்னும் கட்டத்தில் எழுது. அட்டையைப் படமெடுத்து ஆதாரத்தில் சேர் என்றேன். அன்று அவருக்குப் பகல்முறை. பேருந்து வரும் நேரமாகிவிட்டதால் மாலையில் வந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.